பனினி வாட்டுவதும் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் ஒன்றல்ல

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு மின்சார கிரில் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கடையில் சாப்பிட்ட பனினி, அதாவது இத்தாலியர் பாணியில் வாட்டிய சாண்ட்விச், போல ஒரு நாளும் வரவில்லை. வெளியே கருகுகிறது, உள்ளே சீஸ் இளகவே இல்லை. சூட்டைக் குறைத்தால் பாண், அதாவது பிரெட், நமத்துப்போகிறது. ஆசைப்பட்டு நிறைய வைத்தால் பக்கவாட்டில் பிதுங்கி வழிகிறது. எந்தப் பாண், எந்தச் சீஸ், கிரில் இல்லாத தங்கை தோசைக்கல்லில் செய்ய முடியுமா, வீட்டில் பாதிப் பேர் சைவம் என்றால் உள்ளே என்ன வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன கோளாறுகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பனினி என்றால் உள்ளே வைக்கும் பண்டம் என்று நினைக்கிறோம். இத்தாலியருக்கு அது பாண். உள்ளே இருப்பது சோற்றுக்குக் கறி போல. சோற்றைவிடக் கறி கூடிப்போனால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் கிரில்லிலும் ஆகிறது. பாணைப் பார்த்து வாங்கி, ஈரத்தை விரட்டி, மிதமான சூட்டில் விட்டுவிட்டால் போதும். விட்டுவிடுவதுதான் பலருக்கு முடிவதில்லை. எனக்கும் முடியவில்லை.

பொலோன்யா நகரில் ஒரு பாரில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். இத்தாலியில் பார் என்றால் மதுக்கடை அல்ல. காலையில் காப்பியும் மத்தியானம் பனினோவும் மாலையில் ஒரு கிளாஸ் வைனும் கிடைக்கும் தெருமுனைக் கடை. சேர்ந்த முதல் வாரம், மத்தியானக் கூட்டம். வாட்டும் கல்லின் மேல்மூடியைப் பிடித்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றேன். சீக்கிரம் வெந்துவிடும் என்ற நினைப்பு. சீஸ் நான்கு பக்கமும் வழிந்து கல்லில் பொரிந்தது. பாண் அட்டையாகத் தட்டைப்பட்டது. கடைக்கார அம்மா காப்பி மெஷினை விட்டுவிட்டு வந்து என் கையை எடுத்துவிட்டார். "சட்டையா அது, இஸ்திரி போடுகிறாயே?" என்றார். புதிதாக ஒன்றை வைத்து, மூடியை அதன் கனத்திலேயே மெல்ல இறக்கிவிட்டு, "இனி நீ போய்க் கோப்பை கழுவு, அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்றார். நான்கு கோப்பை கழுவித் திரும்பியபோது பனினோ தயாராக இருந்தது.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனினி என்பது பன்மை, ஒன்றானால் பனினோ. பாணுக்கு இத்தாலிய மொழியில் 'பானே'. பனினோ என்றால் சின்னப் பாண். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். நாங்கள் பிரெட்டைப் பாண் என்று சொல்வது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பானேக்கும் பாணுக்கும் பாட்டி ஒருத்திதான், லத்தீனின் 'பானிஸ்'. சிசிலிக்காரர் வாயில் அது 'பானி'. சிசிலியின் பலெர்மோ நகரில் இறங்கிய முதல் நாள், ஒரு சொல் இத்தாலிய மொழி தெரியாமல் பேக்கரிக்குப் போய் 'பாண்' என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நன்றிக்காகவாவது இந்தப் பதில் முழுக்கப் பாண் என்றே எழுதுகிறேன், தமிழகத்து நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இத்தாலியில் பனினோ என்றால் வாட்டியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பலவற்றைக் குளிர்ச்சியாகவே சாப்பிடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றைக் கைகாட்டினால், எடுப்பவர் "லோ ஸ்கால்தோ?" என்று கேட்பார், சூடாக்கட்டுமா என்று. ஆம் என்றால் கல்லுக்குப் போகும். கறுப்புக் கோடு கோடாக இருப்பதுதான் பனினியின் அடையாளம் என்பது வெளிநாட்டுக் காப்பிக் கடைகள் பரப்பிய வழக்கம். கோடு போட்ட தட்டைவிடச் சமதளத் தட்டுதான் பாணைச் சீராக முறுக வைக்கும், ஏனென்றால் பாண் முழுவதும் கல்லைத் தொடுகிறது. கோட்டுத் தட்டில் மேடுகள் மட்டும் தொடும், இடைவெளியில் பாண் வெளிறிக் கிடக்கும். உங்கள் கிரில்லில் தட்டைத் திருப்பிப் போட வசதி இருந்தால் சமதளப் பக்கத்தைப் போடுங்கள். படம் எடுக்கும்போது வேண்டுமானால் கோடு அழகு.

வெள்ளைச் சதுரப் பாண் இரண்டு துண்டுக்கு நடுவில் வேகவைத்த ஹாமும் (பன்றித் தொடை இறைச்சி) சீஸும் வைத்து வாட்டினால் அதற்கு அங்கே பெயர் 'டோஸ்ட்'. இத்தாலிய வீடுகளில் உள்ள டோஸ்டர்களில் இதற்கென்றே இடுக்கி போன்ற கம்பிக் கூடு இருக்கும். முழு சாண்ட்விச்சையும் அதில் கவ்வி நிமிர்த்தி உள்ளே இறக்கலாம். இந்த டோஸ்டுக்கு வாட்டாத தங்கை ஒன்று உண்டு, ஓரம் வெட்டிய மெத்தென்ற முக்கோணம், பெயர் த்ரமெஸ்ஸீனோ. டூரின் நகரத்து முலஸ்ஸானோ காப்பிக் கடையில் 1926இல் பிறந்தது. டெட்ராய்ட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு தம்பதி கடையை வாங்கி நடத்தினார்கள். பாண் வாட்டும் இயந்திரத்தை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களே பிறகு வாட்டாமலும் கொடுத்துப் பார்த்தார்கள், அது நின்றுவிட்டது. பெயர் வைத்தவர் கவிஞர் தனுன்ஸியோ என்பார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சூடு கொடுப்பது மின்சாரம் கொண்டுவந்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். பொலோன்யாவுக்குப் பக்கத்து மாவட்டமான மோதெனாவின் மலைக்கிராமங்களில் திஜெல்லா என்ற வட்டமான சுடுமண் வில்லைகள் இருந்தன. அவற்றை அடுப்பு நெருப்பில் காய வைத்து, வில்லை, செஸ்ட்நட் இலை, மாவு வட்டம், மறுபடி இலை, வில்லை என்று கோபுரமாக அடுக்குவார்கள். இரண்டு வில்லைக்கு நடுவில் மாவு வெந்து சின்னப் பாணாகிவிடும். அதைப் பிளந்து, பூண்டும் ரோஸ்மேரியும் தட்டிச் சேர்த்த பன்றிக் கொழுப்பைத் தடவி, மேலே பார்மிஜானோ சீஸைத் துருவிச் சாப்பிடுவார்கள். உங்கள் மின்சார கிரில் அந்த வில்லைகளின் பேரப்பிள்ளை. வில்லையை யாரும் கையால் அழுத்திக்கொண்டு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, பாண். பனினிக்குப் பேர்போனது சியாபட்டா. பழங்காலத்துப் பண்டம் போலத் தோன்றும், ஆனால் என்னைவிட அதற்கு அதிக வயதில்லை. வெனெத்தோ மாநிலத்து ஆத்ரியா ஊரில் மாவு ஆலை வைத்திருந்த அர்னால்தோ கவல்லாரி 1982இல் உருவாக்கியது. அவர் கார் பந்தய வீரரும்கூட. கோல் போல நீண்ட பிரெஞ்சு பகெட் பாண் இத்தாலியச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், அதற்குப் போட்டியாக ஒன்று வேண்டுமென்று பல நாள் மாவோடு மல்லுக்கட்டினார். வந்தது தட்டையாக, நீளமாக, ஓரம் நசுங்கியதாக இருந்தது. பார்த்தால் பழைய செருப்பு போல இருக்கிறதென்று 'செருப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சியாபட்டா என்றால் அதுதான் பொருள்.

அதில் என்ன விசேஷம் என்றால் தண்ணீர். நூறு கிராம் மாவுக்கு எழுபத்தைந்து, எண்பது கிராம் தண்ணீர். பிசைய முடியாத அளவு தளர்வான மாவு. ஈஸ்ட் விட்ட வாயுக் குமிழிகள் அந்தத் தளர்வான மாவில் சுலபமாக ஊதி, அடுப்பில் ஆவியோடு சேர்ந்து விரிந்து, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகளை விட்டுப் போகின்றன. ஓட்டை நிறைந்த பாணை வாட்டும்போது அதன் மெல்லிய சுவர்கள் சட்டென்று காய்ந்து நொறுங்குகின்றன, உள்பக்கம் மட்டும் இழுபடும் மென்மையோடு நிற்கிறது. அடர்த்தியான சாண்ட்விச் பாணில் இது நடக்காது. அழுத்தினால் ஈரக் களியாகிவிடும்.

அடுமனை அடுப்பு வீட்டில் இருந்தால் சியாபட்டாவைச் செய்துவிடலாம், பிசையும் வேலையே கிடையாது. 500 கிராம் மைதா, 400 கிராம் குளிர்ந்த தண்ணீர், 10 கிராம் உப்பு, இரண்டு கிராம் உடனடி ஈஸ்ட். கரண்டியால் கலந்து மூடி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை நனைத்துக்கொண்டு மாவின் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்து மறுபக்கம் மடியுங்கள், நான்கு பக்கமும். இப்படி நான்கு தடவை. முதல் தடவை இட்லி மாவு போல ஒழுகியது நான்காம் தடவை வழுவழுப்பாக நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாக மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, உருட்டாமல், காற்றைப் பிதுக்காமல் ஆறு துண்டாக வெட்டி, ஒரு மணி நேரம் விட்டு, 230 டிகிரியில் இருபது நிமிடம். புரதம் கூடிய மைதா நல்லது. சப்பாத்தி மாவில் முயல வேண்டாம், தவிட்டின் துணுக்குகள் ஓட்டைகளைக் கிழித்துவிடும்.

செய்ய நேரமில்லையென்றால் ஃபொக்காச்சா என்ற தட்டையான இத்தாலியப் பாண், பகெட், ஏன், நல்ல பேக்கரியின் சீனி சேர்க்காத உருண்டைப் பணிஸ் (பன்) கூடப் போதும். உருண்டைப் பணிஸில் ஒரு தந்திரம். நடுவில் பிளந்து உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். வெட்டிய சமதளம் கல்லைத் தொடும், கூனல் முதுகு உள்ளே போய் சீஸோடு படிந்துகொள்ளும். பாக்கெட்டில் வரும் பால் பாணைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள சீனியும் பாலும் சீக்கிரம் சிவந்துவிடும். 'வெளியே கருகல், உள்ளே குளிர்' என்ற உங்கள் முதல் புகாருக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பாணானாலும் நேற்றையது இன்றையதைவிட நல்லது. ஈரம் கொஞ்சம் போயிருக்கும்.

சீஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள், பாதிக் காரியம் கெடுவது இங்கேதான். பாலைத் திரிக்கும் விதத்தில் இரண்டு குலம் உண்டு. ரென்னட் என்ற நொதியால் திரித்துச் செய்யும் சீஸில் பால்புரதங்களைக் கால்சியம் ஒன்றோடொன்று பாலம் போட்டுப் பிடித்திருக்கும். சூடு ஏறியதும் அந்தப் பிடி தளர்ந்து சீஸ் இளகி நீளும். கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து செய்யும் பன்னீர் வேறு குலம். அதை எத்தனை நேரம் வாட்டினாலும் சிவக்குமே தவிர இளகாது. ஆகவே பன்னீரைத் துருவி உள்ளே வைத்துவிட்டு இளகவில்லை என்று கிரில்லைத் திட்டுவதில் நியாயமில்லை. இளகும் குலத்திலும் வயது ஒரு கணக்கு. பார்மிஜானோ குறைந்தது ஒரு வருடம் முதிர வைக்கப்படுவது, ஈரம் போனது. ருசிக்குத் தூவலாம், இழுபடும் என்று எதிர்பார்க்க முடியாது. வால்தாவோஸ்தா மலைப்பகுதியின் ஃபொன்தீனாதான் இந்த வேலைக்கு அரசி. வெண்ணெய் போலக் கரைந்து பாணுக்குள் இறங்கும். தலெஜ்ஜோ, இளம் ப்ரொவொலோனே, புகையேற்றிய ஸ்கமோர்ஸா எல்லாமே நல்லவை.

மொஸரெல்லா என்றால் தண்ணீரில் மிதக்கும் உருண்டைதான் நினைவுக்கு வரும். அதில் பாதிக்கு மேல் நீர். எடுத்து அப்படியே நறுக்கி வைத்தால் கிரில்லில் குளம் கட்டும். முந்தின இரவே நறுக்கி, சல்லடையில் போட்டு ஃபிரிட்ஜில் வடிய விடுங்கள். காலையில் கிண்ணத்தின் அடியில் நிற்கும் பால்நிறத் தண்ணீரைப் பார்த்தாலே புரியும், அத்தனையும் உங்கள் பாணுக்குள் போயிருக்கும் என்று. பீட்சாவுக்கென்று விற்கும் கெட்டி மொஸரெல்லாவில் இந்தச் சிக்கல் கிடையாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவியே வருவதில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள், அதனால் அவ்வளவு வழவழப்பாக இளகாது.

சைவ வீட்டுக்கு ஒரு குறிப்பு. பார்மிஜானோவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைச் சேர்ப்பது விதி, பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. கடையில் விற்கும் பெஸ்தோ என்ற பேஸில் இலைத் துவையலிலும் பல நேரம் இப்படிப்பட்ட சீஸ் இருக்கும். இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு வரும் சீஸ்களில் இந்தக் கவலை இல்லை. மற்ற நாடுகளில் உறையைத் திருப்பிப் படியுங்கள்.

உள்ளே வைப்பதில் என் கட்சி எளியது. சீஸ் ஒன்று, கூட இன்னொன்று, வேண்டுமானால் பூசுவதற்கு ஒன்று. மூன்றுக்கு மேல் போனால் அது இத்தாலியப் பண்டமல்ல, ஃபிரிட்ஜைக் காலி செய்யும் வேலை. நூறு, நூற்றிருபது கிராம் பாணுக்கு உள்ளே மொத்தம் எழுபது, எண்பது கிராம் போதும். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் 'கொத்தோ' என்ற வெந்த ஹாமையும் 'க்ரூதோ' என்ற உப்பிட்டு உலர்த்திய ஹாமையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொத்தோ, ஃபொன்தீனாவோடு சேர்ந்து கல்லுக்குப் போகலாம். க்ரூதோவைச் சூடாக்கினால் உப்பு தலைதூக்கித் தோல் போல ஆகிவிடும். பாணையும் சீஸையும் மட்டும் வாட்டி எடுத்து, திறந்து, க்ரூதோவை அப்போது வைத்து மூட வேண்டும். பன்றி வேண்டாதவர்களுக்கு மாட்டிறைச்சியில் செய்யும் ப்ரெஸாவோலா உண்டு, அதையும் கடைசியில் வைப்பதுதான் முறை. எண்ணெயில் வரும் டூனா மீனும் பச்சை ஆலிவும் ப்ரொவொலோனேயோடு நன்றாகப் போகும், எண்ணெயை மட்டும் ஒட்ட வடித்துவிடுங்கள்.

இறைச்சியில்லாமல் என்றால் நான் கைகாட்டுவது கத்தரிக்காய். பெரிய உருண்டைக் கத்தரிக்காயை அரை சென்டிமீட்டர் கனத்தில் நீளவாக்கில் அரிந்து, உப்புத் தூவி அரை மணி வைத்து, கிளம்பும் நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த கல்லில் எண்ணெயே இல்லாமல் இரண்டு பக்கமும் சுட வேண்டும். கத்தரிக்காய் ஒரு பஞ்சு. கல்லில் எண்ணெய் விட்டால் அத்தனையையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். சுட்டு எடுத்த சூட்டோடு ஒரு தட்டில் பரப்பி ஆலிவ் எண்ணெய், பொடியாக நறுக்கிய பூண்டு, சில துளி வினிகர், பார்ஸ்லி தெளித்து மூடி வைத்தால், மறுநாள் அதன் ருசியே வேறு. புகையேற்றிய ஸ்கமோர்ஸா கிடைத்தால் இந்தக் கத்தரிக்காயோடு வையுங்கள். அந்தப் புகை வாசம் இறைச்சி இல்லாத குறையை மறக்கடிக்கும். குடைமிளகாயை நெருப்பில் தோல் கருகச் சுட்டு உரித்து வைப்பதும் இதே வரிசைதான். கசப்புப் பிடித்தவர்கள் ரதிக்கியோ என்ற செந்நிற இலையை கொர்கொன்ஸோலா என்ற நீலப் பூஞ்சண சீஸோடும் வால்நட்டோடும் வைத்துப் பார்க்கலாம், பெரியவர்களுக்கான பனினோ அது.

தக்காளி கல்லுக்குப் போகக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. சூட்டில் அதன் நீர் கொதித்துப் பாணை உள்ளிருந்தே நனைக்கிறது, கடிக்கும்போது நாக்கைச் சுடுகிறது. மொஸரெல்லாவும் தக்காளியும் துளசிக் குடும்பத்து பேஸிலும் சேர்ந்த கப்ரேஸேதான் வேண்டுமென்றால், தக்காளியின் விதைச் சதையை வழித்தெறிந்து, மெல்லிசாக அரிந்து, உப்பிட்டுத் துணியில் கால் மணி வைத்து, வாட்டிய பிறகு உள்ளே செருகுங்கள். பேஸிலும் ரூக்கொலாவும் அப்படியே, இலை கறுக்காமல் இருக்கும்.

பலெர்மோவில் இருந்த மூன்று ஆண்டும் என்னைக் காப்பாற்றியது வாட்டாத ஒரு சைவப் பாண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலை மாவைத் தண்ணீரில் கிண்டிக் கெட்டியாக்கி, ஆறியதும் மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய பாணுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பானேல்லே என்று பெயர். பல்லரோ சந்தையில் முதன்முதலில் கடித்தபோது ஊர்ப் பஜ்ஜியின் ஒன்றுவிட்ட சகோதரனைச் சந்தித்தது போல இருந்தது. இதற்குக் கிரில்லே வேண்டாம்.

இப்போது சூடு. பாணின் மேற்பரப்பு சிவந்து மணக்க 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆனால் அதில் ஈரம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் ஆவியாகி முடிந்த பிறகுதான் மேலே ஏறும். சீஸுக்கோ அறுபது, அறுபத்தைந்து டிகிரி போதும், ஆனால் அது இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, பாண் சூட்டைச் சுலபத்தில் உள்ளே விடாது. கல் 220 டிகிரியில் இருந்தால் உள்ளே சேதி போய்ச் சேருவதற்குள் வெளியே கரி. 160, 170இல் வைத்து நான்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கூடிவரும். சீஸை அரை மணி முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மெல்லிசாக அரிந்து வைப்பது பாதிப் பாரத்தைக் குறைக்கும்.

வெப்பமானி இல்லையே என்பீர்கள். ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் தூவிப் பாருங்கள். கால் நிமிடத்துக்குள் கறுத்துப் புகைந்தால் சூடு அதிகம். ஒரு நிமிடம் போல எடுத்துக்கொண்டு மெல்லச் சிவந்தால் சரி. தோசை வார்க்கிறவர்களுக்கு இன்னும் எளிய சோதனை தெரியும். தெளித்த தண்ணீர் 'சுர்' என்று கொதித்து வற்றினால் இறக்கலாம், முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் மிஞ்சிக் காய்ந்துவிட்டது. உங்கள் கிரில்லில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாவிட்டால், முழுதாகக் காய்ந்ததும் பனினியை வைத்து ஒரு நிமிடத்தில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கனமான தட்டாக இருந்தால் தேக்கிய சூட்டிலேயே இரண்டு மூன்று நிமிடம் வேகும். பிறகு மறுபடி போட்டு மொறுமொறுப்பைக் கொடுத்து எடுக்கலாம்.

அடுக்கும் முறையும் உண்டு. சீஸை இரண்டாகப் பிரித்து மேலே பாதி, கீழே பாதி வையுங்கள், கத்தரிக்காயோ ஹாமோ நடுவில். இளகிய சீஸ் இரண்டு பாணோடும் ஒட்டிக்கொள்வதால் கடிக்கும்போது உள்ளிருப்பது வழுக்கி வெளியே வராது, காயின் ஈரமும் பாணுக்கு ஏறாது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலியாக விட வேண்டும், சீஸ் தானே அங்கே வந்து சேரும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் பாணின் வெளிப்பக்கத்தில் தூரிகையால் மெல்லப் பூசுங்கள். சியாபட்டாவுக்கு அதுவும் வேண்டாம், பாக்கெட் பாணுக்கு மட்டும் கொஞ்சம் வெண்ணெய். மூடியை இறக்கி, கையை எடுத்துவிடுங்கள். தன் கனத்திலேயே மூடி படிந்து, ஒரு நிமிடத்தில் பாண் தானாக அமுங்கும். பக்கத்திலிருந்து ஆவி வருவது நிற்கத் தொடங்கியதும் திறந்து பார்க்கலாம். எடுத்ததும் வெட்டாதீர்கள். கம்பி வலையின் மேல் ஒரு நிமிடம் நிற்கட்டும். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துப்போகும்.

தங்கையின் தோசைக்கல்லுக்கு வருவோம். தாராளமாகச் செய்யலாம், கனமான இரும்புக் கல்லாக இருந்தால் மலிவான கிரில்லைவிட நன்றாகவே வரும். இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில் கோழியைச் செங்கல்லுக்கு அடியில் வைத்து வாட்டும் பழைய சமையல் உண்டு, அதே வழிதான். அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கல்லைப் பத்து நிமிடம் காய விடுங்கள். பனினியை வைத்து, அதன் மேல் எண்ணெய்க் காகிதம், அதன் மேல் ஒரு தட்டையான சட்டி, சட்டிக்குள் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கனம். அரிசிப் பொட்டலமோ அம்மிக் குழவியோ எதுவானாலும் சரி. ஒட்டாத பூச்சுக் கல்லென்றால் சிறு தீயைத் தாண்ட வேண்டாம். மூன்று நிமிடம் கழித்துத் திருப்பி இன்னொரு மூன்று நிமிடம். மேல்பக்கத்துக்குச் சூடு வராததால்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. மேலே வைக்கும் சட்டியை முதலிலேயே இன்னொரு அடுப்பில் காய்ச்சி வைத்தால் திருப்பும் வேலையும் மிச்சம், மோதெனா மலைக்காரர்களின் வில்லைக் கணக்கு அதுதானே. ஓரம் ஒட்டி முக்கோணமாக மூடும் பழைய சாண்ட்விச் மேக்கர் மட்டும் இருந்தால் பாக்கெட் பாணில் 'டோஸ்ட்' செய்துகொள்ளுங்கள். சியாபட்டாவை அதில் திணிக்க வேண்டாம்.

கழுவும் விஷயம் ஒன்று பாக்கி. கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும், ஆறிவிட்டால் சீஸ் சிமெண்டாகும். எத்தனை கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் சீஸ் ஓரத்தில் வழிந்து பொன்னிறச் சல்லடை போல முறுகியிருக்கும். வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பக்கத்தில் மொந்தாஸியோ சீஸைத் துருவி வேண்டுமென்றே இப்படிக் கல்லில் முறுக விட்டு 'ஃப்ரீக்கோ' என்று பெயர் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் பாரில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. துடைப்பதற்கு முன் கரண்டியால் சுரண்டி, கடைக்கார அம்மா ஒரு துண்டு, நான் ஒரு துண்டு.